அத்தியாயம் 7: தேடிய பதிவு கிடைக்காதபோது

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்கள் குறுக்கே வரும். அவற்றைத் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி: பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கணபதிசெட்டிக்குளம், கனகசெட்டிக்குளம். அதற்கும் வடக்கே மீண்டும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் துண்டு துண்டாகப் பிடித்து வைத்திருந்த நிலம் அப்படியே எல்லையாக நின்றுவிட்டது. தரவுத்தளத்தில் இல்லாத பதிவை எப்படிக் கையாள்வது என்று பேச வந்த அத்தியாயத்தில் இந்த நில வரைபடம் எதற்கு என்று கேட்கலாம். கனகசெட்டிக்குளத்துக்காரர் ஒருவர் தம் பிறப்புப் பதிவைத் தேடி உங்கள் இணையச் செயலிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் புரிந்துவிடும்.

நம் நாட்டில் பிறப்பைப் பதிவது குடும்பம் வசிக்கும் ஊரில் அல்ல, பிரசவம் நடந்த ஊரில். அவர் கோரிமேடு ஜிப்மரிலோ கணபதிசெட்டிக்குளத்தில் உள்ள பிம்ஸ் மருத்துவமனையிலோ பிறந்திருந்தால் பதிவு அந்த இடத்துக்குரிய பதிவாளரிடம்; அம்மா தலைப்பிரசவத்துக்கு மரக்காணம் பக்கம் தாய்வீடு போயிருந்தால் பதிவு வேறு மாநிலத்தில். வீட்டில் பிறந்து யாரும் பதியாமலே விட்டிருக்கலாம். பதிந்தும் பெயர்க் கட்டம் காலியாகக் கிடக்கலாம். இத்தனைக்கும் உங்கள் செயலி ஒரே பதிலைத்தான் சொல்லும்: 'பதிவு இல்லை'. அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். இல்லாவிட்டால் வெள்ளைத் திரை, அல்லது சிவப்பு எழுத்தில் இரண்டு பக்க ஆங்கில எரர்.

பதிவு இருக்கும்போது அதைக் காட்டுவது பயிற்சி வகுப்பு மாணவர் அரை நாளில் முடிக்கிற வேலை. பதிவு இல்லாதபோது என்ன செய்வது என்ற கிளையில்தான் மீதி வேலை முழுவதும் கிடக்கிறது. அந்தக் கிளையை எழுத உட்காருமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது எந்த வகை 'இல்லை'?

சட்டம் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது

கணினிக்காரர்கள் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை ஒருமுறை படித்தால் போதும். நல்ல தரவுத்தள வடிவமைப்புப் பாடம் அதற்குள் இருக்கிறது. 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. அதற்குப் பின் 30 நாள்வரை தாமதக் கட்டணம். 30 நாளைத் தாண்டி ஓராண்டுக்குள் என்றால் உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி. ஓராண்டும் கடந்துவிட்டால் நடுவரின் ஆணை. இது 13ஆம் பிரிவு. 'இன்னும் பதியவில்லை' என்ற ஒரே நிலைக்கு நான்கு வெவ்வேறு அடுத்த படிகள் வைத்திருக்கிறார்கள். உங்கள் செயலி பயனரிடம் பிறந்த தேதியை வாங்கிவிட்டது. அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கணக்கிடுவது நான்கு வரி நிரல். அதைச் செய்யாமல் 'தகவல் கிடைக்கவில்லை' என்று கதவைச் சாத்துவது சோம்பல்.

அதே சட்டத்தின்படி பதிவேட்டைத் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். தேடியும் கிடைக்காவிட்டால் 'பதிவு இல்லை' என்றே சான்று தருகிறார்கள்; படிவம் 10 அதற்குத்தான். எந்தப் பதிவேட்டில் தேடியது என்பது அதில் இருக்கும். ஓராண்டைக் கடந்த தாமதப் பதிவுக்குப் பொதுவாக இந்தச் சான்றையும் கேட்பார்கள். ஆக, இல்லை என்பதும் ஒரு விடை. கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தருகிற விடை. உங்கள் திரையும் அந்த அளவுக்குப் பொறுப்பேற்க வேண்டும்: எந்தப் பதிவேடுகளில், எந்த ஆண்டு வரம்பில், எந்த எழுத்துக்கூட்டலில் தேடினோம் என்பதைச் சொல்லித்தான் 'கிடைக்கவில்லை' என்று முடிக்க வேண்டும்.

வரியே இல்லாததும் கட்டம் காலியானதும்

குழந்தைக்குப் பெயர் வைக்காமலே பிறப்பைப் பதியலாம். 14ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றியும் அதற்குப் பின் 15 ஆண்டுவரை கட்டணத்தோடும் சேர்க்கலாம். அதாவது அட்டவணையில் வரி இருக்கிறது, பெயர்ப் புலத்தில் மட்டும் 'நல்' மதிப்பு. பெயரால் மட்டும் தேடுகிற செயலி இந்தக் குழந்தையை ஒருநாளும் கண்டுபிடிக்காது. பெற்றோர் பெயரும் பிறந்த தேதியும் கொண்டு தேட இரண்டாவது வழி ஒன்று வைத்தே ஆக வேண்டும்.

'நல்' என்பதைப் பூஜ்யம் என்றோ வெற்றுச் சரம் என்றோ நினைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் ஏராளம். எஸ்.கியூ.எல். கணக்கில் அது 'தெரியாது' என்று பொருள்படும். தெரியாததும் தெரியாததும் சமமா என்று கேட்டால் தரவுத்தளம் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. பெயர் 'நல்' மதிப்புக்குச் சமமான வரிகளைக் கொடு என்று சமக்குறி போட்டுக் கேட்டால் ஒன்றும் வராது. 'ஈஸ் நல்' என்றே கேட்க வேண்டும். இதைவிட மோசமான பொறி 'நாட் இன்'. அடைப்புக்குள் வரும் பட்டியலில் ஒரே ஒரு 'நல்' புகுந்துவிட்டாலும் மொத்தக் குவெரியும் காலியாகத் திரும்பும். ஆயிரம் பதிவுகள் கண்ணெதிரே இருக்க, செயலி 'ஒன்றுமில்லை' என்று சத்தியம் செய்யும். அந்த இடத்தில் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதப் பழகுங்கள்.

காலிக் கட்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல் எதையாவது போட்டு நிரப்பும் வழக்கம் இன்னொரு கேடு. பிறப்பு அறிக்கையில் குழந்தையின் எடை கேட்கப்படுகிறது. எடை தெரியாதபோது பூஜ்யம் என்று நிரப்பினால் சராசரி எடை சரியும். 'நல்' என்று விட்டால் சராசரிக் கணக்கு அந்த வரியைத் தானாகத் தள்ளிவிடும். தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 போட்ட பழைய பட்டியல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நாளில் நிஜமாகவே பிறந்தவர்களை இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது. தெரியாததைத் தெரியாதது என்றே வையுங்கள். திரையில் காட்டும்போது 'குறிப்பிடப்படவில்லை' என்று எழுதிக்கொள்ளலாம். தரவுத்தளத்துக்குள் அந்தச் சொல்லைச் சேமிக்காதீர்கள்.

தெரியாததும் பொருந்தாததும்

உறவுநிலைத் தரவுத்தளத்துக்கு 1970இல் அடித்தளம் போட்ட எட்கர் காட், பிற்காலத்தில் 'இல்லை' என்பதை இரண்டாகப் பிரித்தார்: இருக்க வேண்டியது, ஆனால் நமக்குத் தெரியாதது ஒன்று, அந்த ஆளுக்கே பொருந்தாதது மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டும் என்றார். தரவுத்தள நிறுவனங்கள் கேட்கவில்லை. அதன் விலையைத் தமிழர்கள் விமான நிலையங்களில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். அதை விடுபட்ட தகவல் என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டமே நமக்குப் பொருந்தாதது. ஆனால் படிவம் விடுகிறதா? கட்டாயப் புலம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கும். ஒருவர் புள்ளி வைப்பார், இன்னொருவர் தம் பெயரையே இரண்டாம் தடவை எழுதுவார், மூன்றாமவர் ஊர்ப்பெயரைப் போடுவார். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சடிக்கிறார்கள். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் கையிலேயே இருக்க, 'பெயர் தெரியாதவர்' ஆகிவிடுகிறார் மனிதர். 2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஐக்கிய அரபு அமீரகம் ஏற்காது என்று விமான நிறுவனங்கள் சுற்றறிக்கை விட்டன. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகு வந்தது.

உங்கள் அட்டவணையில் 'முழுப்பெயர்' என்று ஒரே புலம் வையுங்கள். பிரித்தே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால், குடும்பப் பெயர் புலத்துக்குப் பக்கத்தில் 'எனக்குக் குடும்பப் பெயர் இல்லை' என்ற தேர்வுக் கட்டம் ஒன்று கொடுத்து அதைத் தனிப் புலமாகச் சேமியுங்கள். இதில் சமரசம் கூடாது என்பது என் கட்சி.

இல்லை என்று சொல்லுமுன் ஒழுங்காகத் தேடினோமா

காணாத பதிவுகளில் பல உண்மையில் அங்கேயேதான் இருக்கும். தமிழில் இதற்கு யூனிகோடு ஒரு தனிக் காரணம். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. முறையில் ஒருமைப்படுத்தினால் இது தீரும். ஆனால் அது தீர்க்காதவையும் உண்டு. 'ஸ்ரீ' என்பதை ஸ வைத்தும் எழுதுகிறார்கள், ஶ வைத்தும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், என்.எஃப்.சி. இரண்டையும் ஒன்றாக்காது. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்போடு ளகரத்தைத் தட்டுகிறவர்களும் உண்டு. கௌரி, சௌந்தர்யா என்ற பெயர்களுக்கெல்லாம் இந்தச் சிக்கல். இவற்றுக்கு நீங்களே ஒரு மாற்று அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் வேறு. உகர ஒலிக்கு இரண்டு உயிரெழுத்து, சகரத்துக்கு இரட்டை எஸ் என்று பதிந்த முருகேசனை, ஆங்கில வழக்கப்படி தட்டுகிற பேரன் கண்டுபிடிக்க மாட்டார். ஒலி நெருக்கத்தை வைத்துத் தேடும் வழி இங்கே அவசியம். ஆனால் நெருக்கமாக வந்ததைச் செயலியே தேர்ந்தெடுத்துக் காட்டிவிடக் கூடாது. கனகசெட்டிக்குளமும் கணபதிசெட்டிக்குளமும் அக்கம்பக்கத்து ஊர்கள்; எழுத்து வித்தியாசத்தை மட்டும் எண்ணுகிற நிரலுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. 'இதைத் தேடினீர்களா?' என்று கேட்பதோடு நிறுத்துங்கள். இன்னொருவருடைய பதிவைத் தவறிக் காட்டுவது, பதிவே இல்லை என்பதைவிடப் பெரிய குற்றம்.

நிரலில் எந்த இடத்தில்

டோனி ஹோர் 1965இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக 'நல்' சுட்டியைக் கொண்டுவந்தார். 2009இல் ஒரு மாநாட்டில் அதைத் தம் பில்லியன் டாலர் தவறு என்று அவரே வருணித்தார். அந்தத் தவறு இன்றும் உங்கள் நிரலுக்குள் இப்படித்தான் நுழைகிறது: பதிவைத் தேடும் செயற்கூறு ஒன்றும் கிடைக்காமல் 'நல்' திருப்பித் தருகிறது, அடுத்த வரி அதன் பெயரை எடுக்கப் பார்க்கிறது, சர்வர் விழுகிறது.

ஒவ்வொரு சட்டகத்திலும் இரண்டு வகைத் தேடல் உண்டு. லாராவெலில் 'ஃபைண்ட்' வெறுங்கையோடு திரும்பும். 'ஃபைண்ட் ஆர் ஃபெயில்' விதிவிலக்கை எறியும், அது 404 பக்கமாக மாறும். ரெயில்ஸில் நேர்மாறு: 'ஃபைண்ட்' எறியும், 'ஃபைண்ட் பை' வெறுமனே திரும்பும். ஜாங்கோவில் 'கெட்' எறிவதை நீங்கள் பிடிக்காவிட்டால் பயனர் பார்ப்பது 500. 'கெட் ஆப்ஜெக்ட் ஆர் 404' என்ற குறுக்குவழி அதற்காகவே இருக்கிறது. எதைப் பயன்படுத்துவது? முகவரியிலேயே பதிவு எண் இருக்கும் பக்கத்தில் எறிகிற வகை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை நடக்கக்கூடிய இடத்தில், உதாரணமாகத் தந்தையின் விவரம் தனி அட்டவணையில் இருந்து அது விடுபட்டிருக்கும்போது, திரும்புகிற வகை. அந்த இடத்தில் இன்னர் ஜாயின் போட்டால் தந்தை விவரம் இல்லாத குழந்தையே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். லெஃப்ட் ஜாயின் போடுங்கள்.

தேடல் பட்டியல் காலியாக வருவது பிழையல்ல, அதற்கு 200 சரி. ஒரு குறிப்பிட்ட பதிவின் முகவரிக்குப் போய் அது இல்லையென்றால் 404. அழகான 'மன்னிக்கவும்' பக்கத்தை 200 என்ற எண்ணோடு அனுப்புகிறவர்கள் உண்டு. தேடுபொறிகள் இதை 'சாஃப்ட் 404' என்று குறித்துவைக்கும், உங்கள் கண்காணிப்புக் கருவியோ ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்.

தேட முடியவில்லை என்பது வேறு

தரவுத்தளத்தோடு இணைப்பு அறுந்தால் சில நிரல்கள் விதிவிலக்கைப் பிடித்து, காலிப் பட்டியலைத் திருப்பி, 'பதிவு இல்லை' என்று காட்டுகின்றன. இது பொய். அந்தப் பொய்யை நம்பி ஒருவர் நடுவர் அலுவலகத்துக்குப் போய்விடலாம். தேட முடியாதபோது 503 அனுப்பி, எப்போது மறுபடி வரலாம் என்பதற்கான தலைப்பையும் சேர்த்து, 'இப்போது தேட முடியவில்லை. உங்கள் பதிவு இருக்கிறதா இல்லையா என்று இன்னும் தெரியாது' என்று சொல்லுங்கள்.

பதிவேடே தொலைந்து தேட முடியாமல் போகும் விஷயத்தில் பிரெஞ்சு ஆட்சி விவரமாக இருந்தது. காலனிகளின் பதிவேடுகளுக்குக் கூடுதல் படி எடுத்துப் பிரான்சுக்கு அனுப்ப 1776இலேயே அரசாணை வந்துவிட்டது. கடலும் கரையானும் எடுத்துக்கொண்ட ஏட்டின் நகல் இன்று பிரான்சின் எக்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். நூறாண்டு கடந்த பதிவுகளை இணையத்திலேயே பார்க்க முடிகிறது. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பதிவேடே இருந்திராவிட்டாலோ தொலைந்துவிட்டாலோ ஆவணங்களாலும் சாட்சிகளாலும் நிரூபிக்கலாம் என்று இடம் விடுகிறது. உங்கள் செயலியிலும் மாற்று வழி ஒன்று வேண்டும்: ஆவணம் பதிவேற்றி மனிதர் ஒருவரின் சரிபார்ப்புக்கு அனுப்பும் வழி.

தரவுத்தளத்துக்கு நகல் வைப்பதில் ஒரு வம்பும் உண்டு. பயனர் இப்போதுதான் விண்ணப்பம் சேமித்தார்; அடுத்த நொடி காட்டும் பக்கம், படிப்பதற்கென்று வைத்த நகல் தரவுத்தளத்துக்குப் போகிறது; அங்கே அது இன்னும் வந்து சேரவில்லை; 404. மனிதர் பதறி மறுபடி சமர்ப்பிக்கிறார், இரட்டைப் பதிவு. எழுதிய உடனே படிக்கும் பக்கத்தை முதன்மைத் தரவுத்தளத்திலிருந்தே படியுங்கள். இரட்டைப் பதிவு வராமல் தனித்தன்மைக் கட்டுப்பாடும் போடுங்கள்.

அழித்ததும் மறைத்ததும்

தவறான பதிவை அடித்துத் திருத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. 15ஆம் பிரிவின்படி மூலப் பதிவு அப்படியே நிற்க, ஓரத்தில் குறிப்பெழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். தரவுத்தளத்திலும் அதையே செய்யுங்கள்: வரியை நீக்காமல் 'ரத்து' என்ற நிலையும், தேதியும், காரணமும், செய்தவர் யார் என்பதும். அந்தப் பதிவின் பழைய லிங்க்கைத் தட்டுகிறவருக்கு 404க்குப் பதில் 410 போகட்டும். வேறு எண்ணுக்கு மாற்றப்பட்டிருந்தால் 301 போட்டுப் புதிய இடத்துக்கு அனுப்புங்கள்.

இருக்கிறது, ஆனால் காட்டக்கூடாது என்பதும் உண்டு. இறப்புப் பதிவின் நகலில் இறப்புக்கான காரணம் வெளிப்படக் கூடாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் புலத்தைத் திரையில் ஒளித்துவைத்தால் போதாது, ஏ.பி.ஐ. பதிலிலேயே வரக் கூடாது. முழுப் பதிவும் தடைக்குரியது என்றால் 403 அனுப்புவதே 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று காட்டிக்கொடுத்துவிடும். அப்போது 404 அனுப்ப எச்.டி.டி.பி. விதிமுறையே இடம் தருகிறது. லாகில் மட்டும் உண்மைக் காரணத்தை எழுதிவையுங்கள்.

திரையில் என்ன எழுதுவது

'எரர் 404: ரெக்கார்டு நாட் ஃபவுண்ட்' என்று மட்டும் ஆங்கிலத்தில் போட்டால் கனகசெட்டிக்குளத்து மீனவருக்கு அதனால் என்ன பயன்? இப்படி எழுதிப் பாருங்கள்: 'நீங்கள் கொடுத்த பெயரிலும் தேதியிலும் இந்தப் பதிவேட்டில் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. பிரசவம் வேறு ஊரில் நடந்திருந்தால் அந்த ஊர்ப் பதிவாளரிடம் இருக்கும். பெயர் சேர்க்காமல் பதிந்திருந்தால் தாயின் பெயரை வைத்துத் தேடுங்கள். பதிவே செய்யவில்லை என்றால், முதலில் பதிவு இல்லை என்ற சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.' ஒவ்வொரு வாக்கியத்துக்குக் கீழும் ஒரு பட்டன். அவர் தட்டிய விவரங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். மறுபடி முதலிலிருந்து தட்டவைக்காதீர்கள்.

வெளியிடுமுன் ஒரு சோதனை. காலித் தரவுத்தளத்தோடு செயலியை ஓட்டுங்கள். பிறகு பெயரில்லாத குழந்தை, ரத்தான பதிவு, இரண்டு விதமாகத் தட்டிய 'ஸ்ரீ', இணைப்பு அறுந்த சர்வர் என்று ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே உண்டாக்கி, கணினிப் பழக்கம் இல்லாத ஒருவரை முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்று அவரால் சொல்ல முடிந்தால் வெளியிடுங்கள். முடியாவிட்டால் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.